எங்கள் அணி ஆடாத ஆட்டத்துக்குப் போனோம்

எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு நிதானமாகக் கோபப்பட நேரம் கிடைப்பது புரட்டாசியில்தான். மற்ற மாதங்களில் விடியும் முன்பே கரையில் மீன் ஏலம், அப்புறம் பஸ், அப்புறம் திண்டிவனம் மார்க்கெட், அங்கே விற்காததைத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு அலைச்சல். புரட்டாசி பிறந்தால் மேற்கே உள்ள விவசாயக் குடும்பங்கள் பெருமாளுக்காகக் கவுச்சியை விட்டுவிடும். மீன் ஓடாது. அலுமினிய அன்னக்கூடைகள் வாசலில் கவிழ்ந்து கிடக்கும். அந்த மாதம் பார்த்து லீக்கிலிருந்து எங்கள் அணியை நீக்கினார்கள். நீக்கியவர்களுக்கு மீன் வியாபாரம் தெரிந்திருந்தால் வேறு மாதம் பார்த்திருப்பார்கள்.

மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்கு ரக்பி எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். குயிலாப்பாளையத்து ஏழுமலை மாஸ்டர் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்த்தவர். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் ஆடியதைப் பார்த்துத் தானும் ஆடக் கற்றுக்கொண்டார். அவருடைய மாமியார் வீடு எங்கள் குப்பத்தில். மணலில் ஓடிப் பழகிய பெண்களின் காலைப் பார்த்துவிட்டு முட்டை மாதிரி ஒரு பந்தைக் கொண்டுவந்து போட்டார். அவ்வளவுதான் கதை. சென்னையில் ஒரு பம்புசெட் கம்பெனி பணம் போட்டுப் பெண்களுக்கான லீக் ஆரம்பித்தபோது எங்கள் அணியும் அதில் சேர்ந்தது. மரக்காணம் சுறாக்கள் என்று பெயர். அணிக்கு ஏழு பேர், எல்லோருக்கும் மாதச் சம்பளம். என் தங்கை அஞ்சலைதான் அதில் வேகமாக ஓடுகிறவள். இறால் கம்பெனிக்குத் தோலுரிக்கப் போயிருக்க வேண்டியவள், பந்தோடு ஓடிச் சம்பளம் வாங்கினாள். அவள் எறிகிற பந்தைப் பின்னாலேயே ஓடிவந்து பிடிக்கிறவள் தனம்.

நான் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அடுத்த சீசனுக்கு நாலு அணி போதும் என்று மாஸ்டரின் போனுக்குச் செய்தி வந்தது. எங்களையும் இன்னோர் அணியையும் எடுத்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி: மரக்காணம் அணிக்கு ரசிகர்கள் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை நான் தமிழில் சொன்னதும் செல்லம்மா சித்தி இடுப்பில் கையை வைத்தாள்.

"இல்லியா? அப்ப நாம்ப இன்னாடி, காக்காவா?"

திண்டிவனத்தில் ஆட்டம் நடக்கிற நாளில் மார்க்கெட் முடிந்ததும் எங்கள் பெண்கள் அத்தனை பேரும் மைதானத்துக்குத்தான் போவார்கள். அன்னக்கூடையோடு உள்ளே விட மாட்டேன் என்பான் வாட்ச்மேன். மீன் வாசனை அடிக்கிறதாம். கூடையை வெளியே வைத்துவிட்டுப் போக எங்கள் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள். பிழைப்பே அதில்தான் இருக்கிறது. அதனால் மதில் ஓரத்தில் கொட்டிக் கிடந்த ஜல்லி மேட்டில் ஏறி நின்று இரண்டு சீசன் பார்த்தார்கள். டிக்கெட் வாங்கவில்லை. டிக்கெட் வாங்காதவர்கள் சென்னை ஆபீஸ் கணக்கில் பிறக்கவே இல்லை.

லீக் மேனேஜர் அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு காட்சி ஆட்டம் வைத்திருந்தார். கம்பெனியிலிருந்தும் ஆள் வருவதாகப் பேச்சு. போன் செய்தேன். "காலையில வாங்க, பேசலாம்" என்றார். சனிக்கிழமையே கிளம்புவது என்று முடிவாயிற்று.

"நீதான் பேசணும். நாங்க வாயத் தொறந்தா சண்டைக்கு வந்துட்டாளுங்கன்னுவாங்க" என்றாள் அம்மா.

பெரிய மனிதரிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கரையில் அன்று வந்ததிலேயே நல்ல வஞ்சிரமாக ஒன்றை எடுத்து, ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்தாள் அம்மா. "புரட்டாசிம்மா" என்றேன். "அவரு மெட்ராஸ்காரரு. அங்க எவன் புரட்டாசி பாக்குறான்?" என்றாள். இதில் என் படிப்பு எடுபடவில்லை.

திண்டிவனம் வரை தொல்லை இல்லை. அந்த பஸ் கண்டக்டருக்கு எங்கள் பெண்களைப் பேரோடு தெரியும். புரட்டாசியில் இத்தனை கூடையா என்று மட்டும் கேட்டார். "சண்டைக்குப் போறோம்" என்றாள் சித்தி. "அப்ப ரிட்டர்ன்ல ஜன்னல் சீட்டு போட்டு வெக்கிறேன்" என்றார்.

விழுப்புரம் பஸ்ஸில்தான் தகராறு. கூடைகளைப் பார்த்ததும் அந்தக் கண்டக்டர் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "நாத்தம் தாங்காதும்மா. ஏசி வண்டி மாதிரி கிளீனா வெச்சிருக்கேன்." ஜன்னல் கண்ணாடி பாதி இல்லாத வண்டி அது. கூடைகள் காலியாகத்தான் இருந்தன, உள்ளே மாற்றுப் புடவையும் தண்ணீர் பாட்டிலும்தான். காலிக் கூடையை எதற்குச் சுமக்கிறீர்கள் என்று நானே வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். திரும்பும்போது காய்கறி வாங்கி வரலாம் என்றார்கள். கடைசியில் அம்மாதான் சரியாகச் சொன்னாள்: "கூட இல்லாம போனா, ஜல்லி மேட்டுல நின்னது நாம்பதான்னு அந்த மேனேஜருக்கு எப்பிடிடீ தெரியும்?"

பஸ் போய்விட்டது. மார்க்கெட்டுக்கு வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானை லோடு வண்டியைப் பிடித்தோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள், பின்னால் வெங்காயச் சருகின் மேல். நான் முன் சீட்டில் உட்காரவில்லை. படித்தவள் என்பதற்காக டிரைவர் பக்கத்தில் உட்கார வைக்கப் பார்த்தார்கள், மறுத்துவிட்டேன்.

கூட்டேரிப்பட்டு வந்ததும் வண்டி ஒரு முனகலோடு நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னா தம்பி, யானைக்கு மதம் புடிச்சிகிச்சா?" என்றாள் சித்தி.

"படுத்துகிச்சிக்கா. பெல்ட்டு போச்சி. இன்னைக்கி எழுந்திரிக்காது."

டீக்கடையில் ஒதுங்கினோம். மயிலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்த இரண்டு பெரியவர்கள் எங்கள் கூடைகளையும் கோபத்தையும் பார்த்துவிட்டு விசாரித்தார்கள். சொன்னேன். "கபடி தெரியும், கிரிக்கெட்டு தெரியும். பொம்பளப் புள்ளைங்க முட்டப் பந்து ஆடுதா?" என்று ஒருவர் சிரித்தார். அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தாள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் எறிந்தால் பின்னால்தான் எறிய வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தரையில் பந்தை அழுத்தினால்தான் கணக்கு. தோளோடு தோள் கோத்து முட்டுவது எல்லோரும் சேர்ந்து கரைவலை இழுக்கிற மாதிரி, என்ன, இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளு. அம்மாவுக்கு அந்தப் பின்னால் எறிகிற விதி பிடிபட ஒரு சீசன் ஆயிற்று. இப்போது கையெழுத்துப் போடத் தெரியாத அந்தப் பெண்மணி பஜ்ஜித் தட்டையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்தி ஆட்டத்தைச் சொன்னாள். பெரியவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். "பின்னால எறிஞ்சிக்கினே முன்னால போவணுமா? பேஜாரு ஆட்டமா இருக்குதே" என்றார் ஒருவர்.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே ஒரு கிராமத்தில் அம்மாவின் பழைய வாடிக்கைக்காரி பச்சையம்மா இருக்கிறாள். சொந்த நிலம், கிணறு, மாடு எல்லாம் உண்டு. அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று நடந்தோம். பச்சையம்மா எங்களைக் கண்டதும் ஓடிவந்தாள். தெர்மாகோல் பெட்டியைக் கண்டதும் நின்றாள்.

"அடியே காசி, அதுல இன்னா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"வஞ்சிரம்."

"புரட்டாசி சனிக்கெழமை, பெருமாளுக்குத் தளிகை போட்டிருக்குற வூட்டுக்கு வஞ்சிரத்தத் தூக்கிக்கினு வர்றியே, உனக்கு நல்லா இருக்கா? அங்கியே நில்லு."

மீன் பெட்டி வயலில் மோட்டார் கொட்டகைக்குப் போயிற்று. நாங்கள் கிணற்றடியில் கைகால் கழுவி, தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்டு, பிறகுதான் உள்ளே போனோம். கேப்பைக் களி, கீரைக் கடைசல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையல். களியை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துப் பச்சையம்மா, "படிச்ச பொண்ணு பபுள்கம் மாதிரி மெல்லுதே" என்றாள். மீனில்லாமல் சாப்பிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அன்று இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினேன்.

உள்நாட்டு ஊர்களில் எனக்குப் பழகாதது காற்று நிற்பதுதான். எங்கள் வீட்டில் கொடியில் போட்ட துணிக்குக் கிளிப் போடாவிட்டால் பக்கத்துக் குப்பத்தில்தான் தேட வேண்டும். இங்கே துணி அசையாமல் தொங்கியது. "கடலு சத்தம் இல்லாம எப்பிடித் தூங்குறீங்க?" என்று சித்தி கேட்டாள். "மாடு அசை போடுற சத்தம் போதும்" என்றாள் பச்சையம்மா.

ஞாயிறு காலை பச்சையம்மாவின் கணவர் டிராக்டரில் எங்களை விழுப்புரம் கொண்டுபோய் விட்டார். பெட்டியில் போடப் புது ஐஸ் கிடைக்கவில்லை. வஞ்சிரம் தன் இருப்பை லேசாக அறிவிக்கத் தொடங்கியிருந்தது.

மேனேஜர் தங்கியிருந்த ஓட்டலின் வரவேற்பறையில் காத்திருந்தோம். சைவ ஓட்டல். மாடிப்படியில் இறங்கி வந்த மேனேஜருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். பேண்ட், லீக் பெயர் போட்ட டி-சர்ட், நெற்றி நிறையப் பளிச்சென்று நாமம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியை மடியில் வைத்திருந்த சித்தி மெதுவாக எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி, அதோடு வெளியே போய்விட்டாள்.

நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள், ஒன்றும் தடுக்கவில்லை. அவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

"மேடம், எனக்கும் வருத்தம்தான். ஆனா உங்க மேட்சுக்கு டிக்கெட்டே போகல. காலி கேலரிய காட்டி நான் எப்படி ஸ்பான்சர் கேக்கறது?"

"கேலரி காலி. மதிலுக்கு வெளியே பார்த்தீர்களா?" என்றேன்.

"வெளிய நின்னு பாக்கறவங்கள நான் எப்படிக் கணக்குல காட்டறது?"

"உள்ள வுட்டியா நீ?" என்றாள் அம்மா. அதுவரை பேசமாட்டேன் என்று சொல்லி வந்தவள். "கூட நாறுதுன்னு உன் வாட்ச்மேன் தொரத்துனான். அந்தக் கூடைல வித்த காசுலதான் எம்பொண்ணு பால் குடிச்சி, முட்ட துன்னு, உன் மைதானத்துல ஓடுனா."

அவர் மோசமான ஆள் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "உங்க சிஸ்டர் அஞ்சலைய விழுப்புரம் டீம்ல எடுத்துக்கறேன். இன்னைக்கே சொல்லிடலாம். சம்பளம் அப்படியே வரும். மத்தவங்களுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அத்தனை பெண்களும் அம்மாவைப் பார்த்தார்கள். அவர்களில் நாலு பேருக்கு அந்த அணியில் மகள் இருக்கிறாள். அஞ்சலைக்குச் சம்பளம் நின்றால் இறால் கம்பெனிதான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னதை மறைக்க மாட்டேன்.

"ஆடுறது அவதானே. அவளையே கேளு" என்றாள் அம்மா.

போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் காற்றுச் சத்தம். கரையில் இருக்கிறாள்.

"அக்கா, நான் ஓடிக்கினே பந்த பின்னால எறியறேன். திரும்பிப் பாத்தா எறியறேன்? பாக்கறதில்ல. தனம் அங்க இருப்பான்னு தெரியும், எறியறேன். விழுப்புரத்துல பின்னால யாரு இருப்பா?"

மேனேஜர் போன் பக்கம் குனிந்தார்.

"ஏழு பேரையும் எடுத்தா சொல்லு. இல்லன்னா வையி, பிராக்டிஸ் இருக்குது" என்று அவளே வைத்துவிட்டாள்.

மேனேஜர் கையை விரித்தார். முடிவெடுப்பது கம்பெனிதான் என்றார். கம்பெனி ஆள் எப்போது வருவார் என்றேன். சாயந்திரம் ஆட்டத்துக்கு என்றார். அப்படியானால் ஆட்டத்துக்கு வருகிறோம் என்றேன். "உங்க டீம் ஆடலியே மேடம்" என்றார்.

வெளியே வந்தால் சித்தி சாலையோரம் பெட்டியோடு நின்றிருந்தாள். மீனை என்ன செய்வது என்று பேச்சே எழவில்லை. அம்மா பெட்டியை வாங்கித் தலையில் வைத்தாள், ரயில்வே ஜங்ஷன் பக்கம் நடந்தாள், ஒரு பிரியாணிக் கடை வாசலில் இறக்கினாள். கடைக்காரர் பாய் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த மாசத்துல இப்பிடி ஒரு வஞ்சிரமா! எங்கம்மா புடிச்சீங்க? ஜல்தி உள்ள எடுத்தாங்க, இன்னும் கொஞ்ச நேரம் போனா எனக்கே வேணாம்."

மேனேஜருக்குக் கொண்டுவந்த மீன் டிக்கெட்டாக மாறியது. எங்கள் எல்லோருக்கும் போதுமான டிக்கெட். மிச்சத்தில் பாய் கடையிலேயே பிரியாணி சாப்பிட்டோம். கடற்கரைக்காரிகள் பெருமாளிடம் அப்புறம் பேசிக்கொள்வோம்.

மைதானத்தில் கம்பிக் கதவு. உள்ளே கேலரியில் அங்கங்கே சிலர், பள்ளிச் சீருடையில் கூட்டிவந்து உட்கார வைத்த பிள்ளைகள். வாட்ச்மேன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். "ஆளு போலாம். கூட போவாது."

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அம்மா கதவுக்கு நேரே தரையில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். மற்றவர்களும் அப்படியே. ஆட்டம் தொடங்கியது, விழுப்புரம் அணியும் சென்னை அணியும். எங்கள் பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

"சுறா! சுறா! மரக்காணம் சுறா!"

கடலில் இருக்கும் படகுக்குக் கரையிலிருந்து குரல் கொடுத்துப் பழகிய தொண்டைகள். கதவுக்குள் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விழுப்புரத்துப் பெண் ஒருத்தி கோட்டைத் தாண்டிப் பந்தை அழுத்தியபோது, "நல்லாத்தான் ஓடுது பொண்ணு. ஆனா எங்க அஞ்சல ஓடியிருந்தா, இந்நேரம் தண்ணி குடிச்சிக்கினு இருப்பா!" என்றாள் சித்தி. கேலரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது ஆட்டத்தைவிடப் பிடித்துவிட்டது. அவர்களும் சுறா என்று கத்தத் தொடங்கினார்கள்.

இடைவேளையில் ஓர் அம்மாள் மேனேஜரோடு கதவுக்கு வந்தார். காட்டன் புடவை, கழுத்தில் கம்பெனி அட்டை. மேனேஜரிடம் ஆங்கிலத்தில் பேசினார். பெண்கள் என் தோளைத் தட்ட, நான் தமிழில் சொல்லச் சொல்ல எல்லோரும் கேட்டார்கள்.

"யார் இவர்கள் என்று அந்த அம்மாள் கேட்கிறார். நீக்கிய அணியின் ஊர்க்காரர்கள் என்கிறார் மேனேஜர். அந்த அணிக்கு ரசிகர்களே இல்லை என்றுதானே எனக்கு எழுதினாய் என்கிறார் அந்த அம்மாள். இவர்கள் டிக்கெட் எடுக்கவில்லை என்கிறார் மேனேஜர்."

அம்மா எழுந்து கம்பிக்குள் கையை நீட்டித் தன் டிக்கெட்டைக் காட்டினாள். பின்னால் எல்லாக் கைகளும் நீண்டன. அந்த அம்மாள் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் கதவைத் திறந்தார்.

கூடைகளோடு உள்ளே போனோம். மேனேஜர் எங்களோடு நடந்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அம்மா, கோச்சுக்காதீங்க, கேக்கறேன். உங்க டீம்தான் இங்க ஆடவே இல்லியே. யாருக்காக இவ்ளோ கத்தறீங்க?"

"அவளுங்க ஆடுற வரைக்கும் கத்துவோம். அப்புறமும் கத்துவோம்" என்றாள் அம்மா.

கம்பெனிக் கூட்டத்தில் பேசிவிட்டுச் சொல்வதாக அந்த அம்மாள் போகும்போது என்னிடம் சொன்னார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. கரையில் ஏழு பேரும் தினம் ஓடுகிறார்கள். அடுத்த ஆட்டம் திண்டிவனத்தில், சென்னையும் கடலூரும் மோதுகின்றன. டிக்கெட் விற்கத் தொடங்கிய அன்றே, வேலை முடிந்து வரும் வழியில், குப்பத்துக்கு மொத்தமாக வாங்கிவிட்டேன். இந்த முறை ஆண்களும் வருகிறார்கள். அன்று எந்தப் படகும் கடலில் இறங்காது.